ரீசெட் அழுத்தினால் மட்டும் ஓடிய மோட்டார்: யூனோ போர்டில் ஒரு நிகழ்வு ஆய்வு

சென்னைப் புறநகரில் ஒரு தனி வீடு. வாசல் பக்கம் சம்ப், மொட்டைமாடியில் 1000 லிட்டர் டேங்க், நடுவில் 1 எச்பி மோட்டார். டேங்கில் தண்ணீர் இறங்கினால் மோட்டார் தானாக ஓட வேண்டும். நிரம்பினால் தானாக நிற்க வேண்டும். சம்ப் வற்றியிருந்தால் வெறுமனே ஓடிக் காயில் எரிந்துபோகாமல் அணைந்துவிட வேண்டும். டிப்ளமோ கடைசி ஆண்டு படிக்கும் மாணவர் ஒருவர் தன் பெரியம்மா வீட்டுக்காக இதை ஆர்டுயினோ யூனோ என்ற சின்ன நிரலேற்றும் போர்டில் செய்து மாட்டினார். ரிலே மாட்யூல் (போர்டு சொன்னபடி மோட்டார் லைனைச் சேர்த்துப் பிரிக்கும் மின் சுவிட்ச்), ஃப்ளோட் சுவிட்ச் (தண்ணீரில் மிதந்து மட்டத்தைச் சொல்லும் சுவிட்ச்), அடாப்டர் எல்லாம் ரிச்சி தெருவின் மின்னணுக் கடைகளில் வாங்கியவை.

மேசையில் சோதித்தபோது ஒரு குறையும் இல்லை. வீட்டில் மாட்டிய மறுநாள் காலையில் பார்த்தால் டேங்க் காலி, 'சம்பில் தண்ணீர் இல்லை' என்று சொல்லும் சிவப்பு எல்இடி எரிந்துகொண்டிருக்கிறது. சம்பிலோ தண்ணீர் நிறைய இருக்கிறது. ரீசெட் பட்டனை அழுத்தியதும் மோட்டார் ஓடி, டேங்க் நிரம்பி, ஒழுங்காக நின்றது. அடுத்த முறை தண்ணீர் இறங்கியபோது மறுபடியும் சிவப்பு விளக்கு. "முன்னாடி சுவிட்ச் போட்டேன், இப்ப இந்தப் பட்டனை அமுக்குறேன். அவ்வளவுதானேடா வித்தியாசம்?" என்று பெரியம்மா கேட்டுவிட்டார். மாணவர் போர்டையும் லேப்டாப்பையும் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார்.

இந்தப் பழுதை இவ்வளவு விரிவாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. எல்இடியை மினுக்கக் கற்றுக்கொண்ட ஒருவர் முதல் உண்மையான வேலையில் இறங்கும்போது எங்கே தடுக்கி விழுகிறார் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் வழக்கை நான் பார்த்ததில்லை. போர்டின் கடிகாரம் எப்போது பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது, அந்த நேரத்தை எவ்வளவு பெரிய மாறியில் (நிரல் ஓர் எண்ணைப் போட்டு வைக்கும் இடம்) வைக்கிறோம் என்ற இரண்டு கேள்விகளையும் முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மாட்டியிருந்தது என்ன

யூனோவில் இருப்பது ஏடிமெகா328பி என்ற 8 பிட் சிப். வேகம் 16 மெகாஹெர்ட்ஸ். நிரலுக்கு 32 கேபி ஃபிளாஷ் நினைவகம், அதில் அரை கேபி, நிரலை ஏற்ற உதவும் பூட்லோடருக்குப் போய்விடும். மாறிகளுக்கு 2 கேபி ராம், அதாவது வெறும் 2048 பைட். இந்தக் கடைசி எண் பிறகு தேவைப்படும்.

டேங்கில் இரண்டு ஃப்ளோட் சுவிட்சுகள். கீழே இருப்பது 'தண்ணீர் குறைந்தது' என்று சொல்லும், மேலே இருப்பது 'நிரம்பியது' என்று சொல்லும். டேங்குக்குள் தண்ணீர் விழும் குழாயில் ஒரு ஃப்ளோ சுவிட்ச். தண்ணீர் ஓடினால் மூடும். மூன்றும் போர்டின் மூன்று பின்களுக்கு வருகின்றன, மறுமுனை கிரவுண்டில். பின்கள் 'இன்புட் புல்அப்' முறையில் இருப்பதால் சிப்புக்குள்ளேயே இருக்கும் ரெசிஸ்டர் அவற்றை 5 வோல்ட்டுக்கு இழுத்துப் பிடிக்கிறது. எனவே சுவிட்ச் திறந்திருந்தால் 'ஹை', மூடினால் 'லோ'. புதியவர்களுக்கு இது தலைகீழாகப் படும், பாதிப் பேர் முதல் நாள் இங்கேதான் குழம்புவார்கள். மாணவர் இதைச் சரியாகவே செய்திருந்தார்.

நிரலின் அமைப்பு எல்லாரும் அறிந்த செட்டப், லூப். மின்சாரம் வந்ததும் செட்டப் ஒரே ஒரு முறை ஓடும். அதன்பின் லூப் முடிந்து முடிந்து மறுபடியும் தொடங்கும், மின்சாரம் போகும்வரை. போர்டில் விண்டோஸ் மாதிரியோ லினக்ஸ் மாதிரியோ எதுவும் கிடையாது. நாம் எழுதியதைத் தவிர வேறு வேலை பார்க்க அங்கே ஆளில்லை. சி நிரல்கள் வழக்கமாகத் தொடங்கும் 'மெயின்' என்ற செயல்கூறு (பெயர் சொல்லிக் கூப்பிடும் நிரல் துண்டு) கூட மறைத்து வைக்கப்பட்டிருக்கிறது. 2005-இல் இத்தாலியின் இவ்ரேயா நகரில் வடிவமைப்பு மாணவர்களுக்காகப் பிறந்த போர்டு இது. எர்னாண்டோ பராகான் 2003-இல் உருவாக்கிய வயரிங் என்ற தளத்தின் மேல் எழுந்தது. மின்னணுவியல் படிக்காதவர்களும் பயமில்லாமல் தொட வேண்டும் என்று பல விஷயங்களைத் திரைக்குப் பின்னால் தள்ளினார்கள். அது நல்ல முடிவுதான். அது இல்லையென்றால் இன்று பள்ளிப் பிள்ளைகள் கையில் இந்தப் போர்டு இருக்காது.

மாணவரின் லூப் செய்த வேலையைச் சொல்கிறேன். மோட்டார் ஓடிக்கொண்டிருந்து, குழாயில் தண்ணீர் வராமல், தொடங்கி 40 விநாடி கடந்திருந்தால் மோட்டாரை அணைத்துச் சிவப்பு எல்இடியை ஏற்றிப் பூட்டிவிடும். ரீசெட் செய்யும்வரை பூட்டு திறக்காது. மேல் ஃப்ளோட் நிரம்பியது என்றால் மோட்டாரை அணைக்கும். கீழ் ஃப்ளோட் குறைந்தது என்றால், பூட்டு இல்லாதபோது, மோட்டாரை ஏற்றித் தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொள்ளும். கடைசியில் 200 மில்லிவிநாடி டிலே, அதாவது சும்மா காத்திருப்பு. 40 விநாடி வைத்ததற்கு நியாயம் இருக்கிறது: ஃபுட் வால்வு லேசாகக் கசியும் மோட்டார், காலிக் குழாய் நிரம்பித் தண்ணீர் மாடி ஏற நேரம் எடுக்கும்.

வீணாகப் பழி சுமந்தவை

முதல் சந்தேகம் ரிலே மீது. சிவப்பு விளக்கு வரும் முன் "டக் டக்" என்று ஒரு சத்தம், மோட்டாரிலிருந்து ஒரு சின்ன உறுமல் கேட்டதாகப் பெரியம்மா சொன்னார். ரிலே பிடித்து உடனே விடுகிறது என்று நினைத்து மாணவர் புது மாட்யூல் வாங்கி மாட்டினார். பயனில்லை.

அடுத்தது அடாப்டர். இதற்கு வலுவான சாட்சி இருந்தது. "லேப்டாப்பை மாட்டினா ஓடுது சார், அடாப்டர்ல விட்டா ஓடமாட்டேங்குது" என்றார். யுஎஸ்பி வழியாகக் கொடுத்தால் சரி, அடாப்டரில் கொடுத்தால் பழுது என்றால் யாராக இருந்தாலும் அடாப்டரைத்தான் குற்றம் சொல்வார்கள். மோட்டார் இழுக்கும்போது வோல்டேஜ் தாழ்ந்து போர்டு தடுமாறுகிறது என்ற விளக்கமும் பொருத்தமாகவே இருந்தது. புது அடாப்டரும் வந்தது. பழுது போகவில்லை.

கம்பியைத் தொடுவதற்கு முன் நான் கேட்டது ஒன்றே ஒன்று: சிவப்பு எல்இடி எரிந்தபடியே நிற்கிறதா? ஆமாம் என்றார். அந்தப் பதிலே பல கதவுகளை மூடிவிட்டது. ரிலேயின் முனை கெட்டிருந்தால் மோட்டார் நிற்கும், ஆனால் சிவப்பு எல்இடி ஏற வழியில்லை. வோல்டேஜ் தாழ்ந்து போர்டு தானே ரீசெட் ஆகியிருந்தால், எரிந்த எல்இடி அணைந்து எல்லாம் முதலிலிருந்து தொடங்கியிருக்கும். சிவப்பு எல்இடியை ஏற்ற நிரலில் ஒரே ஒரு இடம்தான் உண்டு. அது எரிகிறது என்றால் நிரல் முழு நினைவோடு '40 விநாடி கடந்துவிட்டது' என்று முடிவெடுத்திருக்கிறது. ஆனால் சத்தமோ கால் விநாடிகூட நீடிக்கவில்லை. 200 மில்லிவிநாடி டிலே இருக்கிறதல்லவா? மோட்டார் ஏறுகிறது, டிலே முடிகிறது, அடுத்த சுற்றின் முதல் சோதனையிலேயே '40 விநாடி ஆயிற்று' என்று அணைகிறது. பெரியம்மாவின் காதில் விழுந்த அந்த "டக் டக்" மிகத் துல்லியமான சாட்சி. அவர் கேட்டது அந்த 200 மில்லிவிநாடியைத்தான்.

ஆக, நேரக் கணக்கில் கோளாறு. அப்படியானால் லேப்டாப் மாட்டினால் மட்டும் ஏன் சரியாக ஓடுகிறது?

பார்க்கப் போனால் மறைந்துவிடும் பழுது

யூனோவில் சீரியல் மானிட்டரை, அதாவது போர்டு அனுப்பும் எழுத்துகளைக் கணினியில் காட்டும் சாளரத்தை, திறந்தாலே போர்டு ரீசெட் ஆகும். இந்த ஒரு வாக்கியத்தைத் தெரியாமல் மாதக்கணக்கில் போராடியவர்கள் இருக்கிறார்கள்.

காரணம், நிரலை ஏற்றும் முறையில் இருக்கிறது. சிப்புக்குள் பூட்லோடர் என்ற சின்ன நிரல் எப்போதும் இருக்கும். ரீசெட் ஆனதும் முதலில் விழிப்பது அதுதான். கணினியிலிருந்து புது நிரல் வருகிறதா என்று கொஞ்ச நேரம் காத்திருக்கும். வந்தால் ஃபிளாஷில் எழுதும், வராவிட்டால் பழைய நிரலை ஓடவிடும். அதாவது ஒவ்வொரு முறை ஏற்றும்போதும் சரியான தருணத்தில் ரீசெட் நடக்க வேண்டும். ஆரம்பகாலப் போர்டுகளில் இதைக் கையால் அழுத்த வேண்டியிருந்தது. 2007-இல் வந்த டியெசிமிலா போர்டிலிருந்து தானாக நடக்கும்படி செய்தார்கள்: சீரியல் இணைப்பின் டிடிஆர் என்ற சைகை ஒரு சின்ன கெபாசிட்டர் வழியாக ரீசெட் பின்னைத் தட்டும். கணினி சீரியல் போர்ட்டைத் திறக்கும்போது அந்தச் சைகை மாறும். மானிட்டரைத் திறப்பதும் போர்ட்டைத் திறப்பதுதான், அதனால் அப்போதும் ரீசெட் நடக்கும்.

மாணவர் செய்தது இதுதான். பழுது வந்ததும் லேப்டாப்பை மாட்டுவார், என்ன நடக்கிறது என்று பார்க்க மானிட்டரைத் திறப்பார். அந்த நொடியே போர்டு ரீசெட். டேங்க் காலியாக இருப்பதால் மோட்டார் உடனே ஏறும், தண்ணீர் வரும். திரையில் எல்லாம் சுத்தம். லேப்டாப்பைக் கழற்றிவிட்டுப் போவார். சாயங்காலம் பழுது திரும்பும். பழுதைத் தேடும் செயலே பழுதைத் துடைத்துக்கொண்டிருந்தது. அடாப்டர் மீது பழி விழுந்ததும் இதனால்தான்.

மேசைச் சோதனை ஏன் தேறியது என்பதும் இங்கே விளங்கிவிடுகிறது. நிரலை ஏற்றியவுடன் ஃப்ளோட்டைக் கையால் அசைத்துப் பார்ப்போம், நம்மில் யாரும் அரை நிமிடம் சும்மா உட்கார்ந்திருக்க மாட்டோம். ஃப்ளோ சுவிட்சைத் திறந்தே வைத்து 40 விநாடியில் மோட்டார் அணைகிறதா என்றும் அவர் பார்த்திருந்தார். கச்சிதமாக அணைந்திருக்கிறது. அவர் செய்த சோதனைகள் எல்லாம் போர்டு விழித்த முதல் அரை நிமிடத்துக்குள் தொடங்கியவை.

இப்போது வழி தெளிவு. மானிட்டரைத் திறந்து, ஒரு நிமிடத்துக்கு மேல் எதையும் தொடாமல் விட்டு, அதன்பின் ஃப்ளோட்டை இறக்குவது. (மானிட்டரைத் திறந்தாலும் ரீசெட் ஆகக் கூடாது என்றால், நிரலை ஏற்றி முடித்தபின் ரீசெட் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே ஒரு 10 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரைச் செருகலாம். மறுபடி ஏற்றும்போது அதை எடுத்துவிட வேண்டும்.) 40 விநாடிச் சோதனைக்கு முன்னால் மூன்று எண்களை அச்சிட ஒரு வரி சேர்த்தோம்: இப்போதைய நேரம், தொடங்கிய நேரம், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்.

65,736

திரையில் வந்தது இது. இப்போதைய நேரம் 83,612. தொடங்கிய நேரம் 17,876. வித்தியாசம் 65,736.

மோட்டார் ஏறி 200 மில்லிவிநாடிதான் ஆகியிருக்கிறது. தொடங்கிய நேரம் 83,412 என்று இருந்திருக்க வேண்டும். 17,876 எங்கிருந்து வந்தது? 65,736-இலிருந்து அந்த 200-ஐக் கழித்தால் 65,536. இரண்டின் 16-ஆம் அடுக்கு. இந்த எண்ணைக் கண்டால் மைக்ரோகண்ட்ரோலரில் வேலை செய்கிறவர்கள் மேலே தேட மாட்டார்கள். நேராக மாறிகளை அறிவித்த இடத்துக்குப் போவார்கள். அங்கே இருந்த வரி:

இன்ட் தொடக்கம் = மில்லிஸ்();

மில்லிஸ் என்பது போர்டு விழித்ததிலிருந்து எத்தனை மில்லிவிநாடி ஆயிற்று என்று சொல்லும் செயல்கூறு. அது தருவது 'அன்சைன்ட் லாங்', அதாவது குறியில்லாத 32 பிட் எண். யூனோவில் 'இன்ட்' என்பது 16 பிட்தான். அதில் ஒரு பிட் கூட்டல் கழித்தல் குறிக்குப் போய்விடுவதால் -32,768 முதல் 32,767 வரைதான் கொள்ளும். 32 பிட் எண்ணை 16 பிட் மாறியில் போட்டால் மேல் பாதி வெட்டுப்பட்டுக் கீழ் பாதி மட்டும் தங்கும். 83,412 என்பது 65,536-உம் 17,876-உம் சேர்ந்தது. 65,536 வெட்டுப்பட்டுப் போயிற்று, 17,876 தங்கிற்று.

பிறகு கழிக்கும்போது, நாம் எழுதியதைச் சிப்பின் மொழிக்கு மாற்றும் கம்பைலர் தொடக்கத்தை மறுபடியும் 32 பிட்டாக நீட்டிக்கொள்கிறது. வெட்டுப்பட்ட பகுதி திரும்ப வராது. அதனால் வித்தியாசத்தில் அந்த 65,536 அப்படியே உட்கார்ந்திருக்கிறது. 65,536 என்பது 40,000-ஐவிடப் பெரிது. முடிந்தது, மோட்டார் அணைந்தது.

போர்டு விழித்து 32.767 விநாடிக்குள் மோட்டார் ஏறினால் தொடக்கம் இன்ட்டில் முழுதாக அடங்கும், கணக்குப் பிசகாது. அதைத் தாண்டி எப்போது ஏறினாலும், வித்தியாசம் குறைந்தது 65,536-இல் இருந்துதான் தொடங்கும். நடுவில் அதிர்ஷ்டவசமாகத் தப்பும் நேரம் என்று ஒன்றுமில்லை. கரண்ட் போய் வந்தால் சரியாக ஓடுவது, ரீசெட் அழுத்தினால் ஓடுவது, லேப்டாப் மாட்டினால் ஓடுவது: மூன்றும் ஒரே காரணம். மூன்றிலும் மில்லிஸ் பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது.

அந்த வரி வந்த வழி

மாணவர் கவனக்குறைவாக எழுதிய வரி அல்ல அது. நேரம் பார்க்கும் பகுதியை அவர் நோட்எம்சியு போர்டுக்கு எழுதப்பட்ட ஒரு நிரலிலிருந்து எடுத்திருந்தார். அங்கே அது பிழையில்லாமல் ஓடியது. நோட்எம்சியுவில் இருக்கும் இஎஸ்பி8266 ஒரு 32 பிட் சிப். அங்கே 'இன்ட்' என்றாலே 32 பிட். மேல் பாதி வெட்டுப்படும் பேச்சே இல்லை. இஎஸ்பி32-இலும் அப்படித்தான். 2023-இல் வந்த யூனோ ஆர்4 போர்டில்கூட 32 பிட் ஆர்ம் சிப் இருப்பதால் இதே நிரல் சரியாக ஓடும். யூனோ என்ற ஒரே பெயர், ஒரே அளவுப் போர்டு, ஒரே நிரல். ஒன்றில் பழுது, இன்னொன்றில் பழுதில்லை. இடம்விட்டு இடம் போகும்போது 'இன்ட்' என்ற சொல்லின் கொள்ளளவு மாறுகிறது. 'யுஇன்ட்32_டி' என்று அளவைப் பெயரிலேயே எழுதினால் எந்தப் போர்டிலும் அது 32 பிட்தான். புதியவர்களுக்கு அந்தப் பெயர் கரடுமுரடாகத் தெரியும் என்று பல பாடங்கள் அதைத் தவிர்க்கின்றன. தவிர்க்கக் கூடாது என்பேன்.

ஓரிடத்தில் ஒழுங்காக ஓடிய நிரல் இன்னொரு இடத்தில் 16 பிட்டில் முட்டிக்கொள்வது சின்ன வேலைகளில் மட்டும் நடப்பதல்ல. 1996 ஜூன் 4 அன்று பிரெஞ்சு கயானாவின் கூரூவிலிருந்து கிளம்பிய முதல் ஏரியான் 5 ராக்கெட் 40 விநாடி வாக்கில் வெடித்துச் சிதறியது. ஏரியான் 4-க்கு எழுதப்பட்டு அதில் ஒழுங்காக ஓடிய வழிகாட்டு நிரலின் ஒரு பகுதி அப்படியே எடுத்துப் பயன்படுத்தப்பட்டிருந்தது. புது ராக்கெட்டின் கிடைமட்ட வேகம் அதிகம். அதோடு தொடர்புடைய 64 பிட் தசம எண்ணைக் குறியுள்ள 16 பிட் முழு எண்ணாக மாற்றும்போது அது அடங்கவில்லை. நான்கு கிளஸ்டர் செயற்கைக்கோள்களும் அதோடு போயின.

கம்பைலர் ஏன் எச்சரிக்கவில்லை என்று மாணவர் கேட்டார். நியாயமான கேள்வி. பெரிய எண்ணைச் சின்ன மாறியில் போடுவதை சி மொழி அனுமதிக்கிறது. ஆர்டுயினோ மென்பொருளின் அமைப்புகளில் எச்சரிக்கைகளை 'எல்லாம்' என்று மாற்றி வைத்தாலும் இந்த வரியைப் பற்றி அது வாய் திறக்காது. இங்கே எழுதுகிறவரின் கண்தான் காவல்.

ராமை மிச்சப்படுத்த 'இன்ட்' போடுங்கள் என்ற அறிவுரையும் பரவலாக இருக்கிறது. 2048 பைட்டில் நிரல் எழுதுகிறவருக்கு அது நல்ல அறிவுரைதான், பின் எண்களுக்கும் 0 முதல் 1023 வரை வரும் அனலாக் அளவுகளுக்கும். நேரத்துக்குப் பொருந்தாது. இந்த நிரலில் அது மிச்சப்படுத்தியது 2 பைட்.

திருத்தம், அதற்குள் இன்னொரு பொறி

திருத்தம் ஒரு வரி. 'இன்ட்' இருந்த இடத்தில் 'அன்சைன்ட் லாங்'. ஏற்றி, ஒரு நிமிடம் விட்டு, ஃப்ளோட்டை இறக்கினோம். மோட்டார் ரிலே ஏறியது, அணையாமல் ஏறியபடியே இருந்தது.

மாணவருக்கு உற்சாகம் வந்து நிரலைக் கொஞ்சம் அழகுபடுத்தினார். 40000 என்று நடுவில் கிடந்த எண்ணை எடுத்து, படிப்பவருக்கு விளங்கும்படி மேலே 40 * 1000 என்று எழுதினார். நல்ல பழக்கம்தான். ஆனால் இப்போது தண்ணீர் இல்லாவிட்டாலும் மோட்டார் அணையவே இல்லை.

40000 என்று நேராக எழுதினால், அது இன்ட்டில் அடங்காது என்று கண்டு கம்பைலர் தானாகவே அதை லாங் ஆக எடுத்துக்கொள்ளும். 40 * 1000 என்று எழுதினால் 40-உம் இன்ட், 1000-உம் இன்ட். பெருக்கலும் இன்ட்டிலேயே நடக்கும். விடை 16 பிட்டில் வழிந்து -25,536 ஆகிவிடுகிறது. அதைக் குறியில்லாத 32 பிட் நேரத்தோடு ஒப்பிடும்போது 4,29,49,41,760 என்று ஆகிறது. நாள் கணக்கில் கிட்டத்தட்ட 50. பாதுகாப்புக்கு என்று வைத்த சோதனை அங்கே பெயருக்கு மட்டும் நிற்கிறது. முதல் பழுது தொல்லை கொடுத்தது, மோட்டாரைக் காப்பாற்றிவிட்டது. இந்தப் பழுது சத்தமில்லாமல் இருந்து மோட்டாரை எரித்துவிடும். சம்ப் வற்றும் கோடைக்காலம் வரும்வரை யாருக்கும் தெரியவும் தெரியாது.

தீர்வு, 40-க்குப் பின்னால் 'யுஎல்' என்ற இரண்டு எழுத்து. ஒன்று அன்சைன்ட் லாங் ஆனால் பெருக்கல் முழுவதும் அந்த அளவில் நடக்கும். இந்த வகைப் பிழையைக் கம்பைலர் கண்டுபிடித்து எச்சரிக்கும், ஆனால் ஆர்டுயினோ மென்பொருளில் எச்சரிக்கைகள் இயல்பாக அணைத்து வைக்கப்பட்டிருக்கின்றன. அமைப்புகளில் போய் அதை ஏற்றி வைத்துக்கொள்வது ஒரு நிமிட வேலை. இதைப் படிக்கிறவர்கள் இன்றே செய்துவிடலாம்.

49 நாள் 17 மணி

மில்லிஸ் தரும் 32 பிட் எண்ணுக்கும் ஓர் எல்லை உண்டு: 4,29,49,67,295. போர்டு இடைவிடாமல் ஓடினால் 49 நாள் 17 மணி 2 நிமிடம் 47 விநாடியில் அதைத் தொட்டு மறுபடி பூஜ்யத்துக்கு வரும், பழைய ஸ்கூட்டர்களின் கிலோமீட்டர் மீட்டர் 99999 ஆனதும் 00000-க்குத் திரும்புவதைப் போல. இந்த வீட்டில் போர்டுக்கு இன்வெர்ட்டர் லைன் கொடுத்திருந்தார்கள். கரண்ட் போனாலும் போர்டு அணையாது என்பதால் 49 நாளைத் தொடும் வாய்ப்பு உண்மையாகவே இருக்கிறது.

இப்போதைய நேரத்திலிருந்து தொடக்கத்தைக் கழித்து, வந்ததை 40 விநாடியோடு ஒப்பிடும் முறையில் எழுதியிருந்தால் பயமில்லை. தொடக்கம் 4,29,49,67,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். எண் சுற்றி வந்து இப்போது 704. குறியில்லாத கணக்கில் 704-இலிருந்து அந்தப் பெரிய எண்ணைக் கழித்தால் சரியாக 1000 வரும். ஒரு விநாடி. ஆனால் தொடக்கத்தோடு 40,000-ஐக் கூட்டி 'அணைக்க வேண்டிய நேரம்' என்று முன்கூட்டியே கணக்கிட்டு வைத்தால், கூட்டலே சுற்றிப்போய் 39,704 ஆகிவிடும். மோட்டார் ஏறிய கணத்தில், எண் சுற்றுவதற்கு முன், நேரம் அதைவிட மிகப் பெரிது, உடனே அணை என்று நிரல் முடிவு செய்யும். இரண்டும் பள்ளிக் கணக்கில் ஒன்றுதான். சிப்புக்குள் ஒன்றல்ல. எப்போதும் கழித்தே பாருங்கள்.

2015-இல் போயிங் 787 விமானங்களுக்கு அமெரிக்க விமானத்துறை நிர்வாகம் ஓர் உத்தரவு போட்டது: 248 நாள் தொடர்ந்து மின்சாரத்தில் இருந்தால் ஜெனரேட்டர் கட்டுப்பாட்டு அலகின் எண்ணி நிரம்பி வழிந்து மின் வழங்கல் நின்றுபோகலாம், அதனால் அதற்குமுன் அணைத்து ஏற்றுங்கள் என்று. விநாடியில் நூறில் ஒரு பங்கு வீதம் எண்ணினால் குறியுள்ள 32 பிட் எண் 248 நாளைச் சற்றுத் தாண்டி நிரம்பும்.

49 நாள் காத்திருந்து சோதிக்க முடியாது, தேவையும் இல்லை. நிரல் முழுவதும் மில்லிஸை நேராகக் கூப்பிடாமல், நாமே 'இப்போது' என்று ஒரு செயல்கூறு எழுதி, அது மில்லிஸோடு 4,29,49,37,296-ஐக் கூட்டித் தரும்படி செய்தோம். போர்டு விழித்து 30 விநாடியில் எண் சுற்றிவிடும். 20-ஆவது விநாடியில் ஃப்ளோட்டை இறக்கினால், 40 விநாடிக் காத்திருப்பின் நடுவில் சுற்று விழும். அப்போதும் 60-ஆவது விநாடியில் மோட்டார் அணைந்தது. அதே செயல்கூறில் 50,000-ஐக் கூட்டிப் பழைய இன்ட் நிரலை ஓடவிட்டால், பெரியம்மா வீட்டில் மட்டும் வந்த பழுது மேசையில் முதல் விநாடியிலேயே வருகிறது. நேரத்தை நம் விருப்பப்படி நகர்த்த முடிகிற நிரலைத்தான் நம்பிச் சோதிக்க முடியும். வீட்டுக்குப் போகும் நிரலில் கூட்டும் எண்ணைப் பூஜ்யமாக்க வேண்டும் என்று அந்த வரிக்கு மேலேயே குறிப்பு எழுதி வைத்தோம்.

இன்னொன்று. மில்லிஸ் ஒன்று ஒன்றாக ஏறும் என்று நம்பி 'சரியாக 1000 ஆனால்' என்று எழுதக் கூடாது. யூனோவில் அதை இயக்குவது சிப்புக்குள் இருக்கும் டைமர் 0 என்ற எண்ணி. 16 மெகாஹெர்ட்ஸை 64-ஆல் வகுத்து, 256 எண்ணியதும் ஒரு முறை குறுக்கிடும்; அது 1.024 மில்லிவிநாடிக்கு ஒரு முறை. மிஞ்சும் 0.024-ஐச் சேர்த்து வைத்து அவ்வப்போது எண்ணை இரண்டாகத் தாண்டவைத்துச் சரிக்கட்டும். நாம் காத்திருக்கும் எண் அந்தத் தாண்டலில் விழுங்கப்படலாம். சமமா என்று கேட்காமல், கடந்துவிட்டதா என்று கேட்க வேண்டும்.

மாட்டும் முன் சரிசெய்தவை

ஃப்ளோட் சுவிட்ச் தண்ணீர் அலையில் ஆடும். குழாயிலிருந்து தண்ணீர் விழும்போது மேல் ஃப்ளோட் விநாடிக்குப் பலமுறை மூடித் திறக்கும், மோட்டாரும் அதோடு சேர்ந்து திணறும். ஒரே நிலையில் 3 விநாடி நீடித்தால்தான் ஏற்பது என்று மாற்றினோம். இதுவும் அதே கழித்தல் கணக்கு. மொட்டைமாடியிலிருந்து இறங்கும் நீண்ட ஒயருக்குச் சிப்பின் உள் ரெசிஸ்டர் போதாது. அது 20 முதல் 50 கிலோஓம் வரை இருக்கும் பலவீனமான பிடி, பக்கத்தில் ஓடும் 230 வோல்ட் ஒயரின் இரைச்சலை வாங்கிக்கொள்ளும். ஒவ்வொரு பின்னிலும் வெளியே 4.7 கிலோஓம் ரெசிஸ்டர் ஒன்றை 5 வோல்ட்டுக்குப் போட்டோம்.

ரிலே மாட்யூல் 'லோ' கொடுத்தால் ஏறும் வகை. செட்டப்பில் பின்னை அவுட்புட் ஆக்கிவிட்டுப் பிறகு 'ஹை' எழுதினால் நடுவில் ஒரு கணம் 'லோ' வந்துபோகும். முதலில் 'ஹை' எழுதிவிட்டு அடுத்த வரியில் அவுட்புட் ஆக்கினோம்.

மோட்டாரை ரிலே நேரடியாக இயக்கியதை மட்டும் நான் ஒப்புக்கொள்ளவில்லை. அந்த நீல ரிலேயின் மேல் 10 ஆம்பியர் என்று அச்சிட்டிருக்கும். 1 எச்பி மோட்டார் ஓடும்போது அதற்குள் அடங்கும், ஆனால் கிளம்பும் கணத்தில் அதைப்போல் பல மடங்கு இழுக்கும். முனைகள் உருகி ஒட்டிக்கொண்டால் நிரல் எவ்வளவு சரியாக இருந்தாலும் மோட்டாரை நிறுத்த முடியாது. எலக்ட்ரீஷியனை வரவழைத்து, பெரிய மின்னோட்டத்தைத் தாங்கும் ரிலே போன்ற ஒரு கான்டாக்டரை மாட்டச் சொன்னோம்: மோட்டாரை இயக்குவது கான்டாக்டர், அதன் காயிலை மட்டும் இயக்குவது ரிலே. காயில் அணையும்போது எழும் துடிப்பு போர்டைத் தொடாமல் இருக்க அதன் குறுக்கே ஆர்சி ஸ்னப்பர் (ரெசிஸ்டரும் கெபாசிட்டரும் சேர்ந்த துடிப்படக்கி) ஒன்றும், மோட்டார் லைனில் ஓவர்லோடு ரிலேயும், எல்லாவற்றுக்கும் முன்னால் கையால் அணைக்கத் தனி எம்சிபியும் (மின்னோட்டம் மிஞ்சினால் தானே விழும் சுவிட்ச்) போட்டிருக்கிறது.